ரிவால்வர்ல இருக்கற அந்த சாவி ஓட்டை: லாக் உள்ளத வாங்கலாமா, பழசையே தேடலாமா?

#1 கரிசல்_கவ்பாய் (டல்லாஸ்)

எல்லாருக்கும் வணக்கம். கிரீன்கார்டு கைக்கு வந்து ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஹெச்1பில இருந்தப்பவே ஹன்டிங் லைசன்ஸ் எடுத்தா கன் வாங்கலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். இப்பதான் முதல் ரிவால்வர் பாத்துட்டு இருக்கேன்.

வீட்டுப் பக்கத்துல சுட்டுப் பழகற ரேஞ்சோட சேந்த ஒரு கடைல ரெண்டு யூஸ்டு ஸ்மித் அண்ட் வெசன் 686 இருக்கு, ரெண்டும் நாலு இஞ்ச் பேரல், ரெண்டும் சுத்தமாத்தான் இருக்கு. ஒண்ணு 686-5, 1,050 டாலர் சொல்றாரு. இன்னொண்ணு 686-6, 790 டாலர். என் கண்ணுக்கு பெரிய வித்தியாசம் எதுவும் தெரியல, 686-6ல மட்டும் இடது பக்கம் சிலிண்டர (தோட்டா போடற உருளை) தொறக்கற பட்டனுக்கு மேல உள்பூட்டுக்கு சாவி போட ஒரு குட்டி ஓட்டை, பக்கத்துல ஒரு அம்புக்குறி, அவ்ளோதான். கடைக்காரர் சிரிச்சிக்கிட்டே "அந்த ஓட்டைய சகிச்சுக்க முடியும்னா இதை எடு, மிச்ச காசுக்கு தோட்டா வாங்கிக்க"ன்னாரு. ஒரு ஓட்டைக்கு 260 டாலரா?

வீட்ல 4 வயசு பொண்ணு இருக்கா. அடுத்த மாசம் கோவில்பட்டில இருந்து அம்மா ஆறு மாசத்துக்கு வராங்க, வந்த ரெண்டாம் நாளே எல்லா அலமாரியையும் கவுத்துப்போட்டு தொடைக்கிற ஆளு. அதனால லாக் இருக்கறது நல்லதுதானேன்னு எனக்கு தோணுது. ஆனா நெட்ல தேடினா ஆளாளுக்கு அந்த ஓட்டைய திட்டறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 வீல்கன்_அண்ணாச்சி (ஹூஸ்டன்)

தம்பி, மொதல்ல கதைய கேளு, அப்பதான் அந்த ஓட்டை மேல இம்புட்டு பேருக்கு ஏன் காந்தலா இருக்குன்னு வெளங்கும்.

ஸ்மித் கம்பெனிய 1987ல வாங்குனது டாம்கின்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்காரன். துப்பாக்கி மட்டும் இல்ல, ரொட்டி யாவாரமும் அவன்கிட்ட இருந்துச்சு, ஹோவிஸ் பிரட் எல்லாம் கொஞ்ச காலம் அவனோடதுதான். அவன் 2000 மார்ச்ல கிளின்டன் அரசாங்கத்தோட ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டான். 60 நாள்ல ஒவ்வொரு கைத்துப்பாக்கி கூடயும் வெளிப்பூட்டு குடுக்கணும், 24 மாசத்துல உள்ளுக்குள்ளயே பூட்டு வைக்கணும், டீலர்களுக்கும் ஆயிரத்தெட்டு கண்டிசன். அவ்வளவுதான், ஜனம் மொத்தமா மூஞ்சிய திருப்பிட்டு. ஸ்மித் சரக்க கையால தொடமாட்டேன்னு கடைக்காரனுவளே சொன்னானுவ. யாவாரம் படுத்துருச்சு. 87ல 112 மில்லியன் டாலருக்கு மேல குடுத்து வாங்குனத 2001 மே மாசம் 15 மில்லியனுக்கு தள்ளிவிட்டுட்டு ஊரப் பாக்க போயிட்டான். கடன் தனிக்கணக்கு.

வாங்குனது யாரு தெரியுமாடே? அரிசோனால ஸ்காட்ஸ்டேல்ல இருந்த சேஃப்-டி-ஹேமர்னு ஒரு சின்ன கம்பெனி. அவனுவளுக்கு தொழிலே துப்பாக்கிக்கு பூட்டு செய்யதுதான்! பூட்டுக்காரன் துப்பாக்கி கம்பெனிய வாங்குனா சும்மா இருப்பானா? அந்த ஒப்பந்தத்த புஷ் காலத்துல யாரும் சீந்தவே இல்ல, அது செத்துப்போச்சு, ஓட்டை மட்டும் தங்கிருச்சு. அதுக்கு "ஹிலாரி ஹோல்"னு பேரு வச்சு இன்னைக்கு வரைக்கும் ரேஞ்சுல திட்டிட்டு கெடக்கானுவ.

ஆக நீ கேட்ட 260 டாலர் இருக்குல்லா, அதுல 200 டாலர் கோவத்துக்கான வெல. என்கிட்டயும் 686-5தான் இருக்கு. நானும் அந்த கோவத்துல வாங்குனவந்தான், மறைக்க என்ன இருக்கு.

#3 மெக்கானிக்_மணி (ஃபீனிக்ஸ்)

அண்ணாச்சி சொன்னது அரசியல், நான் மெக்கானிசம் சொல்றேன். துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு கன்ஸ்மித் கடைல சனிக்கிழமை சனிக்கிழமை உதவிக்கு போறேன், அந்த மாதிரி கன்னோட சைட் பிளேட்ட (பக்கவாட்டு மூடி) நிறைய தொறந்து பாத்திருக்கேன்.

உள்ள பாத்தா ஹேமருக்கு (தோட்டாவ வெடிக்க வைக்கற சுத்தி) இடது பக்கமா ஒரு சின்ன தகடு நிக்கும், இங்க ஃப்ளாக்னு சொல்லுவாங்க. சாவிய விட்டு திருப்பினா அது மேல எழும்பும். ஹேமர் பக்கத்துல நகம் வளந்த மாதிரி ஒரு துண்டு வெளிய எட்டிப்பாக்கும். அந்த தகட்டுல இருக்கற சின்ன முனை ஹேமர்ல வெட்டியிருக்கற காடிக்குள்ள போய் உக்காந்துரும், அப்புறம் ட்ரிக்கரயும் இழுக்க முடியாது ஹேமரயும் இழுக்க முடியாது. அந்த தகட்ட சும்மா இருக்கறப்ப கீழ பிடிச்சு வைக்கறது ஒரு மயிரிழை ஸ்பிரிங்.

பயம் எங்க வருதுன்னா, எடை கம்மியான கன்ல. ஸ்கேண்டியம்னு லேசான உலோகக் கலவை ஃப்ரேம்ல ஸ்மித்தோட 340பிடி இருக்கே, வெறும் 12 அவுன்ஸ்கிட்ட, அதுல போடறது 357 மேக்னம்னு வலுவான தோட்டா. 329பிடி 25 அவுன்ஸ் பக்கம், அதுல 44 மேக்னம். இதே 44 மேக்னம் ஸ்டீல் ஃப்ரேம்ல 40 அவுன்சுக்கு மேல இருக்கும். அந்த லேசான கன்ல சுடறப்ப கை எலும்பு எல்லாம் கழண்டுபோற மாதிரி உதறும், அந்த உதறல்ல ஃப்ளாக் தானா எழும்பி லாக் ஆயிருச்சுன்னு 2000களோட நடுவுல இருந்தே புகார் வந்துட்டு இருக்கு. நடந்திருக்கான்னு கேட்டா நடந்திருக்கு. அடிக்கடியான்னு கேட்டா இல்ல.

கவ்பாய் பாக்கறது 686, ஸ்டெய்ன்லெஸ், 40 அவுன்ஸ் பக்கம். அந்த எடைல நான் இந்தக் கோளாற பாத்ததே இல்ல. 790 டாலர் கன்ன எடுங்க.

#4 பழைய_ப்ளூயிங் (நேஷ்வில்)

மணி, "அடிக்கடி இல்ல"ன்னு எவ்ளோ ஈசியா சொல்லிட்டீங்க. ரிவால்வர் வாங்கறதே எதுக்கு? பிஸ்டல் மாதிரி சிக்காது, இழுத்தா வெடிக்கும், வெடிக்கலன்னா திரும்ப இழுத்தா அடுத்த ரவுண்டு வரும், அந்த ஒரு நம்பிக்கைக்குத்தான். அப்படி ஒரு சாமான்ல "சுடாதே"ன்னு சொல்றதுக்குன்னே ஒரு பார்ட்ட கொண்டுபோய் வைக்கறாங்க, அது தப்பா வேலை செஞ்சா எனக்கு என்ன ஆகும்னு கம்பெனிக்காரன் வந்து பாப்பானா. லட்சத்துல ஒண்ணுன்னாலும் அந்த ஒண்ணு ராத்திரி 2 மணிக்கு என் கைல இருக்கறதா இருந்தா?

இன்னொண்ணு, பாக்கறதுக்கே அசிங்கம். ஸ்மித்தோட மாடல் 19 ரிவால்வர் மாதிரி ஒரு அழகான வளைவு, அதுல மூக்குத்தி குத்தறேன்னு கன்னத்துல குத்தின மாதிரி ஒரு ஓட்டை.

#5 நாலு_விசில் (மாசசூசெட்ஸ்)

மூக்குத்தி உவமைக்கு சிரிச்சுட்டேன், ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. அவர் கேட்டது 4 வயசு குழந்தையும் அலமாரி தொடைக்கற அம்மாவும்.

எனக்கு ரெண்டு பசங்க, என்கிட்ட ஸ்மித் 642ன்னு ஒரு குட்டி ரிவால்வர் இருக்கு, லாக் உள்ளது. நாலு வருஷத்துல அந்த லாக்க நான் எத்தன தடவ போட்டிருப்பேன்னு யோசிச்சு பாத்தேன், அஞ்சு ஆறு தடவ இருக்கும். ஏன்னா அந்த சாவி இருக்கே, என் சுண்டுவிரல் அளவு கூட இல்ல. லைட்ட போட்டு கண்ணாடிய மாட்டிக்கிட்டு பாத்தாலே ஓட்டைக்குள்ள விட ரெண்டு மூணு முயற்சி ஆகும். அவசரத்துல கை நடுங்கறப்ப வாய்ப்பே இல்ல. அப்ப என்ன ஆகும்? தெனம் லாக் பண்றது தொந்தரவுன்னு பண்ணாம விட்டுருவீங்க. இல்ல சாவிய கன் பக்கத்துலயே வச்சுருவீங்க, என் வீட்டுக்காரர் மொத மாசம் ரப்பர் பேண்ட் போட்டு பிடியிலயே கட்டி வச்சாரு, பூட்டும் சாவியும் ஒண்ணா. அதுக்கு எதுக்கு பூட்டு.

அதனால நாங்க பண்ணது, கட்டில் பக்கத்துல சுவத்தோட போல்ட் போட்டு ஒரு குட்டி சேஃப், நாலு பட்டன் அமுக்கினா தொறக்கும், இருட்டுல கூட விரலுக்கு தெரியும். எங்க ஸ்டேட்ல சட்டமே இருக்கு, கன் உங்க கைல இல்லன்னா பூட்டின பெட்டில இருக்கணும் இல்ல பூட்டு மாட்டியிருக்கணும். டெக்சாஸ்லயும் 17 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க கைக்கு எட்டற மாதிரி லோட் பண்ண கன்ன விட்டா குற்றம்தான், யாரும் பேசமாட்டாங்க ஆனா இருக்கு. தம்பி, உங்க ஊர்லயும் பாத்துக்கோங்க.

என் கருத்து: லாக் இருக்கா இல்லையாங்கறத வச்சு கன்ன தேர்ந்தெடுக்காதீங்க. மிச்சமாகற 260ல சேஃப் வாங்குங்க.

#6 யாழ்_டொரன்டோ

நீங்கள் எல்லாரும் ஓட்டை இருக்கோ இல்லையோ எண்டு சண்டை பிடிக்கிறியள், இஞ்ச எங்களுக்கு 2022 அக்டோபர் 21க்குப் பிறகு புதுசா கைத்துப்பாக்கி வாங்கவே ஏலாது. இருக்கிறதை வச்சு சமாளிக்கிறதுதான். விக்கவும் ஏலாது, மகனுக்கு குடுக்கவும் ஏலாது.

இஞ்ச வீட்டில வைக்கிற முறை என்னண்டா, தோட்டா இல்லாமல், பூட்டு மாட்டி, அதையும் ஒரு பூட்டின பெட்டிக்குள்ள வைக்கவேணும். ரெண்டு பூட்டு. அதால எனக்கு உள்பூட்டு உண்மையிலேயே உதவி, தனியா ஒரு ட்ரிகர் லொக் கொழுவத் தேவையில்லை, சாவியை ஒருக்கா திருப்பினால் ஒரு பூட்டு கணக்கு முடிஞ்சுது. ரேஞ்சுக்கு கொண்டு போறதுக்கும் லேசு. வீட்டுப் பாதுகாப்புக்கெண்டு இஞ்ச ஒருத்தரும் துவக்கு வச்சிருக்கிறதாச் சொல்லமாட்டினம், சொன்னாலும் சிக்கல். அப்ப இந்த ராத்திரி ரெண்டு மணிக் கதை எனக்குப் பொருந்தாது. ஆளாளுக்குத் தேவை வேற.

#7 வீல்கன்_அண்ணாச்சி (ஹூஸ்டன்)

யாழ் தம்பி சொல்லது சரிதான். ஆனா இங்க சட்டம் கட்டாயப்படுத்துனதும் நிக்கலலா. வாஷிங்டன் டிசில வீட்டுக்குள்ள வச்சிருக்க துப்பாக்கிய பிரிச்சு போடணும் இல்லாட்டி ட்ரிக்கர் லாக் மாட்டணும்னு சட்டம் வச்சிருந்தானுவ, 2008ல ஹெல்லர் வழக்குல சுப்ரீம் கோர்ட் அத தூக்கி கடாசிட்டு. பூட்டு போடுறது நம்ம இஷ்டம்னு இருக்க வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. நீ போட்டே ஆகணும்னு ஃப்ரேம்ல ஓட்டைய போட்டு என் தலைல கெட்டுனதுதான் வவுத்தெரிச்சல்.

#8 மெக்கானிக்_மணி (ஃபீனிக்ஸ்)

ஒரு திருத்தம் அண்ணாச்சி, எல்லாப் பழியும் கிளின்டன் ஒப்பந்தத்து மேல போட முடியாது. மேரிலாந்துல 2000ல ஒரு சட்டம் வந்துச்சு, 2002க்கு அப்புறம் தயாரிச்ச கைத்துப்பாக்கிய கடைல விக்கணும்னா உள்ளயே ஒரு பூட்டோ தடுப்போ இருக்கணும்னு. அதுவும் போக டாரஸ்னு இன்னொரு ரிவால்வர் கம்பெனிக்காரன் ஸ்மித்துக்கு முன்னாடியே, 90கள் கடைசிலயே ஹேமரோட பின்பக்கம் சாவி போடற மாதிரி பூட்டு வச்சுட்டான். அத திட்டின ஆள் கம்மி, ஏன்னா அதுல அரசியல் இல்ல.

ரூகர் கம்பெனி இன்னும் சாமர்த்தியம். 2005ல நியூ வக்கேரோ ரிவால்வர் வந்தப்ப பூட்ட பிடிக்கட்டைக்கு அடில ஒளிச்சு வச்சுட்டான். பிடிய கழட்டினாத்தான் தெரியும், சாவி போடணும்னா கட்டைல நீங்களே ஓட்டை போட்டுக்கணும். அவனோட எல்சிஆர் ரிவால்வர்லயும் பிடிக்கு அடிலதான். அதுல பூட்டு இருக்குன்னே தெரியாம பத்து வருஷமா வச்சிருக்கற ஆட்கள எனக்கு தெரியும், "எங்க ரூகர்ல எல்லாம் அந்த கன்றாவி கிடையாது"ன்னு வேற பேசுவாங்க. கண்ணுக்கு தெரியாட்டி கோவமும் வராதுபோல.

#9 பழைய_ப்ளூயிங் (நேஷ்வில்)

அதுதான் வித்தியாசமே. ரூகர் பூட்டு என் கண்ணுல படல, என் வழிக்கும் வரல. கோல்ட் கம்பெனிக்காரன் 2017ல கோப்ரா, 2020ல பைத்தான்னு பழைய ரிவால்வர் பேர்கள திரும்ப கொண்டுவந்தான், ஓட்டை இல்லாமத்தான் வந்துச்சு, கிம்பர் கம்பெனியோட கே6எஸ் ரிவால்வர்லயும் இல்ல. அவங்க மேல என்ன வானமா இடிஞ்சு விழுந்துச்சு? அப்புறம் ஸ்மித்துக்கு மட்டும் ஏன் இருபது வருஷத்துக்கு மேல பிடிவாதம்?

#10 நாலு_விசில் (மாசசூசெட்ஸ்)

வக்கீலுங்க சொல்லியிருப்பாங்க. ஒரு சேஃப்டி பார்ட்ட ஒரு தடவ வச்சுட்டு அப்புறம் எடுத்தா, நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்ல "ஏன் எடுத்தீங்க"ன்னு கேப்பாங்கல்ல. இது என் யூகம்தான்.

#11 கொங்கு_கொலம்பஸ் (ஒஹாயோ)

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் கதையையும் சொல்லிப்போடறேன், எந்த கம்பெனி கன்னுன்னு மட்டும் கேக்காதீங்க, தப்பு கம்பெனி மேல இல்ல, என் மேலதான்.

போன ஆயுதபூஜைக்கு வூட்டுல லேப்டாப்பு, கார் சாவி, டூல் பாக்ஸ் எல்லாம் வச்சு சாமி கும்புட்டோமுங்க. ஆயுதம்னா ஆயுதந்தானேன்னு நானும் ரிவால்வர காலி பண்ணி, சிலிண்டர தொறந்து ரெண்டு தடவ பாத்துப்போட்டு, பூட்டி தட்டுல வச்சேன். வூட்டுக்காரம்மா சந்தனத்த நல்லா கொழச்சு பொட்டு வச்சு அதுமேல குங்குமம் வச்சாங்க. எங்க வச்சாங்க? சரியா அந்த ஓட்டை மேல. அவுங்களுக்கு என்ன தெரியுமுங்க, வட்டமா ஒரு எடம் இருந்துச்சு, பொட்டு வைக்கறதுக்குன்னே வுட்ட மாதிரி.

நானும் மறந்துபோட்டேன். ஒரு வாரங்கழிச்சு ரேஞ்சுக்கு போலாம்னு சாவிய வுட்டா எறங்கவே மாட்டீங்குது. சந்தனம் காஞ்சு சிமெண்ட்டு மாதிரி ஆயிப்போச்சு. ஊசில நோண்டி, பல்லு வெளக்கற பிரஷ்ல ஹாப்பிஸ் (கன்னு கழுவற மருந்துங்க) ஊத்தி தேச்சு, செவப்பா மஞ்சளா ஒழுகுச்சு, ஒரு மணி நேரமாச்சுங்க. கடைசில திரும்புச்சு. ஆனா இன்னிக்கும் திருப்பறப்ப நறநறன்னு ஒரு சத்தம் கேக்குது. அப்பத்தான் நெனச்சேன், பூட்டி வச்ச கன்னு திருடனுக்கு மட்டுமில்ல, எனக்கும் பூட்டுத்தானுங்க.

#12 மெக்கானிக்_மணி (ஃபீனிக்ஸ்)

நறநறன்னா உள்ள துகள் போயிருக்கு. தயவுசெஞ்சு ஒரு கன்ஸ்மித்கிட்ட குடுத்து சைட் பிளேட்ட தொறந்து கழுவச் சொல்லுங்க, நீங்களா ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்பாதீங்க. அந்த பிளேட்ட நெம்பினா ஓரம் வளஞ்சுரும், ஸ்க்ரூடிரைவர் பிடிய வச்சு ஃப்ரேம தட்டினா தானா எழும்பும். 20 நிமிஷ வேலை. அடுத்த வருஷம் பொட்ட பிடிக்கட்டைல வைக்கச் சொல்லுங்க 😄

#13 சிலிண்டர்_செல்வம் (நெவாடா)

பேசாம லாக்க கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டைய அடைக்க பிளக் வாங்கி போடுங்கப்பா. நான் போட்டுட்டேன், ஓட்டை இருந்த எடம் ஒரு குண்டூசி தலை மாதிரி மழமழன்னு இருக்கு. இதுக்கு போய் இத்தன பக்கம்.

#14 நாலு_விசில் (மாசசூசெட்ஸ்)

எங்க ஸ்டேட்ல அத பண்ண எனக்கு தைரியம் இல்லங்க. நாளைக்கு தற்காப்புக்கு சுட வேண்டி வந்து கேஸ் ஆச்சுன்னா, "இவங்க சேஃப்டியையே கழட்டினவங்க"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஜூரி முன்னாடி அந்த பார்ட்ட தூக்கி காட்டுவான். நம்ம நிறத்துக்கும் உச்சரிப்புக்கும் ஜூரி எவ்ளோ கருணை காட்டும்னு யோசிங்க.

#15 சிலிண்டர்_செல்வம் (நெவாடா)

அப்படி இதுனால தண்டன வாங்கின ஒரு கேஸ காட்டுங்க பாப்போம்.

#16 நாலு_விசில் (மாசசூசெட்ஸ்)

மொத கேஸா நான் இருக்க வேணாம்னுதான் சொல்றேன்.

#17 பழைய_ப்ளூயிங் (நேஷ்வில்)

இதுல அக்கா பக்கம்தான் நான். லாக்க வெறுக்கறவன்தான், ஆனா இருக்கறத கழட்ட மாட்டேன். இல்லாதத வாங்கிப்பேன், அதுக்குத்தான் காச குடுக்கறேன்.

#18 தாமிரபரணி_தோட்டா (அம்பாசமுத்திரம்)

ஊர்ல இருந்து எழுதறேன். தாத்தா காலத்து லைசன்ஸ், இப்ப அப்பா பேர்ல ஒரு 32 ரிவால்வர் இருக்கு, கான்பூர் அரசாங்க ஃபேக்டரில செஞ்சது. உள்பூட்டு எல்லாம் ஒண்ணும் கிடையாது, பீரோ பூட்டுதான். எலக்‌ஷன் அறிவிச்சா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கணும், முடிஞ்சப்புறம் போய் திரும்ப வாங்கணும். வருஷத்துல பாதி நாள் எங்க துப்பாக்கி போலீஸ் பூட்டுக்குள்ளதான் இருக்கு, அத விட பத்திரம் என்ன வேணும்? நீங்க ஓட்டைக்கு சண்டை போடறத படிக்க நல்லா இருக்கு, தொடருங்க.

#19 வீல்கன்_அண்ணாச்சி (ஹூஸ்டன்)

எங்கூர்க்காரரு வந்துட்டாரு! தோட்டா தம்பி, ரசீத பத்திரமா வச்சுக்கிடும்.

பழைய கதை ஒண்ணு சொல்லுதேன். இதே ஸ்மித் கம்பெனி 1887லயே ஹேமர் வெளிய தெரியாத ஒரு ரிவால்வர் போட்டான், பிடிக்கு பின்னால ஒரு நெம்புகோலு, கைய இறுக்கி பிடிச்சு அமுக்குனாத்தான் சுடும். எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி இருக்குன்னு அதுக்கு "லெமன் ஸ்க்வீசர்"னே பேரு. ஏதோ ஒரு பிள்ளை துப்பாக்கிய எடுத்து காயம்பட்டத கேள்விப்பட்டு வெசன் பெரியவரு மனசு கேக்காம அத செய்ய சொன்னாருன்னு ஒரு கதை சொல்லுவாவ, நெசமோ பொய்யோ. ஆனா பாரு, அதுல சாவி கிடையாது, தொலைக்க ஒண்ணும் இல்ல, பெரியவன் கை பிடிச்சா சுடும், பிள்ளை கைக்கு சுடாது. அந்த காலத்து மூளை.

#20 மெக்கானிக்_மணி (ஃபீனிக்ஸ்)

அருமையான பாயிண்ட் அண்ணாச்சி. ஆனா காத்து இப்ப திரும்பிருச்சு. 442, 642ல லாக் இல்லாத வெர்ஷன் ரொம்ப நாளாவே கிடைக்குது. 2024ல லிப்ஸீஸ்னு மொத்த வியாபாரியோட சேந்து ஸ்மித் அல்டிமேட் கேரின்னு குட்டி ரிவால்வர் போட்டான், அதுலயும் ஓட்டை இல்ல, கடைக்கு வந்த வேகத்துல போச்சு. அப்புறம் 686ல மவுண்டன் கன்னுன்னு ஒரு மாடலையும் லாக் இல்லாம கொண்டுவந்தான். அதனால பழச 1,050 குடுத்து வாங்கறவங்க கொஞ்சம் யோசிச்சுக்கோங்க, இனி புதுசே ஓட்டை இல்லாம வர ஆரம்பிச்சா ப்ரீ-லாக்குக்கு இந்த வெலை நிக்குமான்னு எனக்கு சந்தேகம்.

#21 பழைய_ப்ளூயிங் (நேஷ்வில்)

நிக்கும். பழசுல மெஷின் பண்ண பார்ட்ஸ், இப்ப வரதெல்லாம் பொடிய அச்சுல அழுத்தி வேகவச்ச எம்ஐஎம் பார்ட்ஸ்.

#22 மெக்கானிக்_மணி (ஃபீனிக்ஸ்)

ஐயா 686-5லயே எம்ஐஎம் வந்துருச்சு. அவர் 1,050 குடுத்தா ஓட்டை இல்லாத எம்ஐஎம்தான் கிடைக்கும். அதுக்கு தனியா இழை போடுங்க, இங்க வேணாம்.

#23 கரிசல்_கவ்பாய் (டல்லாஸ்)

எல்லாருக்கும் பெரிய நன்றி, மூணு நாளா ஆபீஸ் மீட்டிங்ல கூட இதத்தான் படிச்சிட்டு இருந்தேன். அப்டேட்: நேத்து 686-6 வாங்கிட்டேன். பேரம் பேசி 760க்கு முடிச்சாரு. மிச்ச காசுல அக்கா சொன்ன மாதிரி பட்டன் சேஃப் ஒண்ணு, க்ளாசெட்ல மேல் தட்டுல ஸ்டட்ல போல்ட் போட்டு மாட்டியாச்சு. கடைலயே கேபிள் லாக் ஒண்ணும் இலவசமா குடுத்தாங்க.

இன்னிக்கு காலைல ரேஞ்சுல 38 ஸ்பெஷல் 50 ரவுண்டு, 357 ஒரு பத்து சுட்டேன், லாக் அசையக்கூட இல்ல. மணி அண்ணா சொன்னதால ஒவ்வொரு ஆறு ரவுண்டுக்கும் ஹேமர் பக்கத்துல ஃப்ளாக் எட்டிப்பாக்குதான்னு பாத்துட்டே இருந்தேன், பக்கத்து லேன்காரர் என்ன தேடறன்னு கேட்டாரு.

தெனம் லாக் போடப்போறதில்ல. அம்மா வர்ற அன்னிக்கு மட்டும் காலி பண்ணி, லாக் போட்டு, சேஃப்ல வச்சுடலாம்னு இருக்கேன், அவங்க இருக்கற ஆறு மாசமும் அப்படியே கிடக்கட்டும். அலமாரி தொடைச்சா தொடைக்கட்டும்.

#24 நாலு_விசில் (மாசசூசெட்ஸ்)

சூப்பர் தம்பி. சாவி ரெண்டும் குடுத்தாங்களா? யூஸ்டுல பாதி பேர் தொலைச்சிருப்பாங்க.

#25 கரிசல்_கவ்பாய் (டல்லாஸ்)

ஒண்ணுதான் இருந்துச்சு அக்கா. பத்திரமா சேஃப்குள்ளயே வச்சுட்டேன்.

#26 மெக்கானிக்_மணி (ஃபீனிக்ஸ்)

கன்னும் சேஃப்குள்ள, கன்னோட சாவியும் சேஃப்குள்ள?

#27 வீல்கன்_அண்ணாச்சி (ஹூஸ்டன்)

ரப்பர் பேண்ட் ஒண்ணுதான் கொறச்சல் 😂

#28 கரிசல்_கவ்பாய் (டல்லாஸ்)

ஐயோ. இருங்க, போய் எடுத்துட்டு வரேன்.